தாமதமாக வந்த மிஸ்டு கால்

அக்கா,

சாயங்காலம் கரன்ட் போனது. இருட்டில் கையை நீட்டினால் உன் சார்ஜர் லைட்தான் முதலில் தட்டுப்படுகிறது. பிடி உடைந்த இடத்தில் நீ சுற்றிவைத்த பச்சை டேப் இன்னும் விரலில் பிசுபிசுக்கிறது. மோந்து பார்த்தால் புளித்த மாவு வாசனை. நானே கற்பித்துக்கொள்கிறேனோ என்னவோ. கரன்ட் அப்புறம் வந்துவிட்டது, பாப்பாவும் தூங்கிவிட்டாள். லைட்டை அணைக்கத்தான் மனசு வரவில்லை. அதன் வெளிச்சத்திலேயே இதை எழுதுகிறேன்.

இன்று காலை அவருடைய மிஸ்டு கால் வரவில்லை.

அந்த ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான். வளைகுடாத் துறைமுகத்தில் தொழிலாளர் முகாமுக்குச் சமைக்கப் போனதிலிருந்து, காலைப் பந்தி முடிந்ததும் அங்கிருந்து ஒரே ஒரு ரிங். நான் எடுக்கக் கூடாது. எழுந்தேன், நன்றாக இருக்கிறேன் என்பதை அந்த ஒரு ரிங் சொல்லிவிடும். உன் கீழ் வீட்டுக்கு இட்லி மாவு வாங்க வருகிறவர்களுக்கு மாடிப்படியில் அளந்து ஊற்றியபடியே நீயும் அதற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாய். கொஞ்சம் தாமதமானால் போதும். "இன்னாடி, ஊட்டுக்காரரு லேட்டு? உப்புமா அடி புடிச்சிக்கிச்சா?" அன்று தாமதம் நமக்குச் சிரிப்பாக இருந்தது.

நீ போன பிறகு அங்கே வானம் மாறிவிட்டது. இரண்டு நாடுகள் சண்டை போடுகின்றன. அவர் இருக்கும் நாடு அதில் சேர்த்தியில்லை. ஆனாலும் அதன் தலைக்கு மேலேதான் ஏவுகணைகள் பறக்கின்றன. துறைமுகத்துப் பக்கம் ஏதோ விழுந்தது என்கிறார்கள். நெட் பாதி நேரம் இல்லை. முகம் பார்த்துப் பேசி வாரக் கணக்காகிறது. மிச்சம் இருப்பது அந்த ஒரு ரிங்தான்.

வல்லத்திலிருந்து என் மாமியார் தினமும் காலையில் போன் செய்து கேட்பார். இன்றும் கேட்டார்.

"வந்துச்சாம்மா?"

"இன்னும் இல்ல அத்தை. வந்துடும்."

"டிவில காட்றான். ஒரே பொகையா இருக்குது."

"அது வேற ஊரு அத்தை. டிவிய நிறுத்துங்க."

"வேற ஊரா இருந்தா இன்னா? வானம் ஒண்ணுதான."

பாப்பாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு, போனைக் கையிலேயே பிடித்தபடி பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். ஹாரன் சத்தத்தில் ரிங் கேட்காமல் போய்விடுமோ என்று பயம். அதிர்வதுபோல் தோன்றும், பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தமிழில் பேசவைத்து ஒளிபரப்பிய அந்த விண்வெளித் தொடர். வழக்கமாக நீ பாதியில் கண்ணசந்துபோவாய், குண்டுச் சத்தத்தில் விழித்துக்கொண்டு "யாரு செத்தா?" என்பாய். அன்று மட்டும் தூங்கவே இல்லை. பழுதான விண்கலம் ஒன்று தெரியாத கிரகத்தில் இறங்குகிறது. அங்கே இரண்டு கூட்டத்துக்குள் போர். இவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் தேடிப் போன ஒருவன் திரும்பவில்லை. ஆனால் தினமும் வெளியிலிருந்து 'டிக்' என்று ஒரு சமிக்ஞை மட்டும் வருகிறது. உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. அவனுக்காகக் காத்திருப்பதா, கிளம்பிவிடுவதா? கேப்டனின் கை விசைக்குப் போனது. அந்த நேரம் பார்த்து நம் தெருவில் கரன்ட் போய்விட்டது.

நீ கீழே உன் வீட்டுக்கு ஓடி இந்த லைட்டை எடுத்து வந்தாய். டிவி இருட்டாகக் கிடக்க, நாம் இருவரும் அதன் எதிரிலேயே உட்கார்ந்து சண்டை போட்டோம்.

"கெளம்பிடணும்க்கா," என்றேன், பிஎஸ்சி பிசிக்ஸ் படித்த தோரணையில். "டிக்குன்னு சத்தம் வந்தா அவன்தான் அனுப்பறான்னு இன்னா நிச்சயம்? எதிரி ஒரு மெஷின வெச்சிக்கூட அனுப்பலாம். இவங்கள இங்கயே நிறுத்தி வெக்கறதுக்கு."

"உன்ன மாதிரி ரெண்டு பேரு உள்ள இருந்தா அவன் செத்தான் போ."

"அப்ப நீயே சொல்லு. அவன் உயிரோட இருக்கான்னு எத வெச்சி சொல்ற?"

"மொத நாளு விடியறப்ப வந்துச்சா? மறுநாளு நல்லா வெயிலேறிதான வந்துச்சி? நீ எங்க அத பாத்த, அந்த கேப்டன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்த. மெஷினா இருந்தா டாண்ணு வந்திருக்கும்டி. இவன் எங்கியோ பாறை சந்துல குந்தினு, வயித்தக் கலக்கி, ஒதுங்கிட்டு வந்து தட்றான். லேட்டா வந்தாத்தான் மனுசன்."

நான் சிரித்த சிரிப்பில் பாப்பா எழுந்து அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்காக மொட்டை மாடிக்குப் போனோம். எதிரே ராஜகிரிக் கோட்டை மலை இருட்டாக நின்றது. அதைப் பார்த்துச் சொன்னாய்: "இங்க மட்டும் இன்னாவாம்? எங்கெங்கிருந்தோ வந்து அடிச்சிக்கினானுங்க. நம்மாளுங்க கீழ குந்தினு, எவன் ஜெயிச்சாலும் சோறாக்கிப் போட்டிருப்பாங்க. சோறாக்கறவன எவன் சுடுவான்?"

அந்தக் கடைசி வார்த்தையை இந்த நாட்களில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்க்கிறேன், அக்கா. ஆனால் இப்போது சுடுகிறவர்கள் ஆளைப் பார்த்தா சுடுகிறார்கள்?

அந்தக் கதையின் முடிவை நாம் பார்க்கவே இல்லை. போனில் தேடித் தருகிறேன் என்றதற்கு, "வேணாம்டி, நீ தோத்துட்டா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவ," என்று தடுத்துவிட்டாய். அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். ஆட்டோவில் ஏறும்போதுகூட "மாவ ஃப்ரிட்ஜ்ல வெய்யி, வந்துடறேன்" என்றுதான் சொன்னாய். ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை. உன் தம்பி வீட்டைக் காலி செய்ய வந்தபோது இந்த லைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்காவோடதுதான, உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

மதியம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒருமுறை அடித்து நின்றது. அவர் நம்பர்தான். பாப்பா, "அப்பா பெல்லு," என்று கை தட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உடனே மாமியாருக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுதார். நான் அழவில்லை. ஏனென்றால் அதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. அடித்தது அவர்தானா? அவருடைய போனை வேறு யாராவது எடுத்து, கடைசியாக இருந்த நம்பரை அழுத்தியிருந்தால்? வழக்கத்தை மீறித் திருப்பி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது பதிவு செய்த பெண் குரல். மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே குரல். எப்போது கூப்பிட்டாலும் ஒரு நொடிகூடத் தவறாமல் அந்தக் குரல் வருகிறது.

அந்தக் குரலைக் கேட்டபோதுதான், லேட்டா வந்தாத்தான் மனுசன் என்று நீ சொன்னது முழுதாகப் புரிந்தது.

காலையில் வரவேண்டிய ரிங் மதியம் வந்தது. நடுவில் அவர் எங்கோ இருந்திருக்கிறார். சைரன் கேட்டு நிலத்தடி அறையில் பதுங்கியிருக்கலாம். பந்தி தள்ளிப்போய், பெரிய அண்டாவைக் கழுவிவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சிக்னலுக்காக மாடிக்கு ஏறியிருக்கலாம். அந்த ஈரக் கையை என்னால் பார்க்க முடிந்தது. அதன் பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

போனில் அந்தத் தொடரைத் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். சாயங்காலம் இந்த லைட்டின் வெளிச்சத்தில் பேரைக்கூட அடித்துவிட்டேன், அப்புறம் அழித்துவிட்டேன். கேப்டன் கிளம்பிப் போயிருந்தால், வெளியே தட்டியது வெறும் மெஷினாக இருந்திருந்தால், நாளைக் காலைக்கு எனக்கு எதுவும் மிஞ்சாது. நீ ஜெயித்தபடியே இரு.

பயம் போகவில்லை, அக்கா. அது தன் இடத்தை மாற்றிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் போன் நேரத்துக்கு வரவேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்கள். நான் நாளைக்கு அது டாண் என்று வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு படுக்கப் போகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே வரட்டும். உப்புமா அடி பிடிக்கட்டும்.