வாசலில் ஒட்டிய ‘மு’

நமுனுகுல,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஜெயரூபன் அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை சுபாஜினி எழுதுவது. நடுவில் என் பேச்சும் வரும். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். உங்கள் சுகம்தான் மூன்று ஞாயிறாகத் தெரியவில்லை, உங்களுக்குப் போன் எடுத்தால் மணி அடித்து ஓய்கிறது.

தோட்டத்து லய அறையை விட்டுப் புது வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிவிட்டோம், பெருமழையிலும் கூரை ஒழுகவில்லை. ஜப்பானிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சலில் சட்டைகளுக்கு நடுவே தூரிகையால் ஒரே ஓர் எழுத்து எழுதிய தாள் இருந்ததல்லவா, வீட்டுக்கு வாழ்த்து என்று நினைத்து அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து வாசல் நிலைக்கு மேலே ஒட்டிவிட்டார். பெரகலயில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் மபாஸ் நானா வீடு பார்க்க வந்தார். அவரும் ஜப்பானில் பதினொரு வருடம் வாகன வியாபாரம் செய்தவர். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது ‘மு’. ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்” என்றார். பக்கத்து வீட்டு மாமி விடுவாரா? “ஓம் எழுதின வாசல பாத்திருக்கேன், இல்லைன்னு எழுதின வாசல இப்பதான் பாக்குறேன்” என்றார். அம்மா மாமியைக் கவனிக்கவே இல்லை. “எம் புள்ளைக்கு அங்க ஒண்ணுமே இல்லையோ, அதான் எழுதி அனுப்பினானோ” என்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

நான் பதுளை நூலகத்துக்குப் போய்த் தேடினேன். அது சீனாவில் பிறந்த எழுத்து. ஆதியில், கைகளில் எதையோ தொங்கவிட்டு ஆடும் ஒருவரின் உருவமாம். ‘இல்லை’யை எப்படிப் படம் வரைவது? அந்தச் சொல்லும் ஆட்டத்துக்கான சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலி என்பதால் ஆடுகிறவரின் உருவத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானியர் எழுத்தோடு ஒலியையும் வாங்கி ‘மு’ என்றார்கள், சீனாவில் இப்போது ‘வு’. ஜப்பானின் ஜென் பௌத்த மடங்களில் அந்த ‘மு’வையே மனதில் வைத்துத் தியானம் செய்வார்களாம். இதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். “இருக்கிறவன் படத்த வச்சுதான் இல்லைன்னு எழுதுறாங்களா? கெட்டிக்காரனுங்கதான். தாள் அங்கயே இருக்கட்டும்” என்றார்.

ஆனால் உடனே, “எழுத்து எங்கேருந்து வந்துச்சுன்னு புத்தகம் சொல்லிருச்சு. எம் மகன் மனசுல என்னன்னு அவன்தானே சொல்லணும்” என்றார். இனி அம்மா சொல்வது அப்படியே: “தம்பி, முடியலைன்னா வந்துரு, யாரும் ஏன்னு கேக்க மாட்டோம். முடியும்னா நில்லு. ரெண்டும் எனக்குச் சந்தோஷந்தான். நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதாத. காலையில என்ன சாப்பிட்ட, எப்பத் தூங்கின, யாரோட பேசுன, அத எழுது.”

முருகன் துணையிருப்பார். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். உறைக்குள் உங்கள் பதிலுக்கு ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறோம். அது அப்படியே திரும்பி வந்தால் அம்மா ஏற்றுக்கொள்ள மாட்டார்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா அங்கம்மா
(எழுதியவள்: சுபாஜினி)