ஏழாவது மாடி ஜன்னலுக்கு மேலே

புரூக்ளின்
ஜனவரி 9, 1984

என் கண்ணே ரம்ஸி,

பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றாய். பண்ணவில்லை. சேர்ந்திருப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டேன். நான் நலம். ஆற்றுக் காற்றுதான் ஜன்னல் இடுக்கில் புகுந்து முழங்காலைப் பிடிக்கிறது.

பல் டாக்டரும் மனைவியும் வீடு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏன் என்று தரகர்ப் பெண் கேட்டாளாம். "அவங்க பையனே விழும்னு சொல்றான், நாங்க எதுக்கு வாங்கணும்?" என்றாராம் டாக்டர். வீடு பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, செங்கல்லைத் தட்டிப் பார்த்து, "இது ஒருநாள் கீழ வரும்" என்று சொல்கிற பிள்ளையை நான்தான் பெற்றேன். உன் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாக்சன்வில்லில் பெரியம்மாவுக்கு, வாதம் வந்த வலது கை இன்னும் எழவில்லை. அவள் மருமகள் வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "வதாத், நீ எப்ப வரே?" என் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் மாதக் கட்டணம் நிற்காது. வாடகைக்கு விடக் கட்டட விதி இடம் தராது. விற்றால்தான் நான் அவளிடம் போக முடியும். அடுத்த ஆள் வரும்போது நீ வராதே. வந்தாலும் வாயைத் திறக்காதே.

அம்மா

---

பிட்ஸ்பர்க்
ஜனவரி 17, 1984

அம்மா,

போன் பண்ண மறந்தது என் தப்பு. செங்கல் விஷயத்தில் தப்பு இல்லை.

ஒரே ஒரு முறை விளக்குகிறேன். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் சுவருக்குள் ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. மேலே உள்ள செங்கலைத் தாங்குவது அதுதான். அறுபது வருஷ மழை உள்ளே இறங்கி அது துருப்பிடித்திருக்கிறது. துருப்பிடித்த இரும்பு தடிக்கும். தடித்தால் செங்கலை வெளியே தள்ளும். உன் ஜன்னலுக்கு மேலே ஒரு வரிசை என் கைக்கு ஆடியது, ஆடுகிற பல் மாதிரி. பல் டாக்டருக்கு உடனே புரிந்ததில் ஆச்சரியமில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன் முகப்பைச் சோதித்துச் சான்று வாங்கியாகிவிட்டது என்று நிர்வாகக் குழுத் தலைவர் வில்லட் சொல்வார். சோதித்தவர் எதிர் நடைபாதையில் நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார் என்று நீதான் சொன்னாய். கையால் தொடாமல் என்ன சோதனை?

வில்லட்டுக்கு நேற்றே விவரமாக எழுதிவிட்டேன். சரிசெய்யட்டும், அப்புறம் விற்கலாம். கொஞ்சம் தாமதமாகும் என்று பெரியம்மாவிடம் சொல்.

ரம்ஸி

---

புரூக்ளின்
பிப்ரவரி 13, 1984

ரம்ஸி கண்ணு,

உன் கடிதம் வில்லட்டிடம் நன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

வயலின் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண்மணி வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டாள். விலை பேசி முடித்து, அவள் கணக்கு வழக்கு, நற்சான்று எல்லாம் கொடுத்தாள். போன வியாழக்கிழமை நிர்வாகக் குழு நேர்காணல். முத்துமாலை போட்டுக்கொண்டு வந்தாள் பாவம். மறுநாள் தரகருக்கு ஒரே வரி: ஏற்கவில்லை. காரணம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை. நான் வைத்திருப்பது வீடு இல்லை, கட்டடத்தில் சில பங்கு; அதை யார் வாங்கலாம் என்பது அவர்கள் கையில். இங்கேயே வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

காரணத்தை வில்லட் லிஃப்ட்டில் சொன்னார். "உங்க பையன் பாலம் கட்டுறவர்தானே, மிஸஸ் மக்ஸூத்? அந்தப் பாலத்தை ஒழுங்காப் பார்த்துக்கச் சொல்லுங்க." கூடவே மிஸ் டோலன் இருந்தாள். பென்ஷன் நாள் நெருங்கினால் தனக்கும் பூனைக்கும் ஒரே டின்னைத் திறக்கிறவள். "முகப்பைப் பிரிச்சா எங்க எல்லார் தலையிலயும்தான் செலவு விழும். நீங்க வித்துட்டுப் போயிடுவீங்க, நாங்க எங்க போறது?" என்று கேட்டாள். நான் என் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வில்லட்டுக்கு இரண்டு வரி எழுது: அவசரத்தில் பார்த்தேன், தவறாகக் கணித்துவிட்டேன் என்று. அவ்வளவுதான். அடுத்த ஆளை ஏற்றுக்கொள்வார்கள். நான் என் அக்காவிடம் போய்விடுவேன். சுவரை அதன்பிறகு நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

அம்மா

---

பிட்ஸ்பர்க்
பிப்ரவரி 20, 1984

அம்மா,

எழுத மாட்டேன்.

அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள். அடுத்து வாங்குகிறவன் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவான். தவறாகக் கணித்தேன் என்று நான் எழுதினால் அது பொய். என் கையெழுத்து உள்ள பொய். அந்தக் கையெழுத்துக்காக நான்கு வருஷம் வேலை பார்த்துப் பரீட்சை எழுதி என்ஜினீயர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன்.

குழு ஒன்றும் செய்யாவிட்டால் நகரக் கட்டடத் துறைக்கு எழுதுவேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிஸ் டோலன் கஷ்டம் தெரியும், ஆனால் அவளும் அந்த ஜன்னலுக்குக் கீழே உள்ள வாசல் வழியாகத்தான் பூனைக்கு டின் வாங்கப் போகிறாள்.

நீ இங்கே வந்துவிடேன். ஓர் அறை காலியாக இருக்கிறது. கட்டணத்தை நான் கட்டுகிறேன்.

ரம்ஸி

---

புரூக்ளின்
மார்ச் 8, 1984

கண்ணே,

உன் அறைக்கு வந்து நான் என்ன செய்வேன்? பிட்ஸ்பர்க்கில் எனக்கு அக்கா இல்லை. கட்டணத்தை நீ கட்டினாலும், விற்ற பணம் கையில் இல்லாமல் அங்கே போய் அவளை வைத்துப் பார்க்க எனக்கு வழியில்லை.

மருமகள் போன் செய்தாள். "அத்தையை எங்களால இனிமே பார்த்துக்க முடியாது சின்னம்மா. இந்த மாசத்துக்குள்ள நீங்க வரலேன்னா இல்லத்துல சேர்த்துடுவோம்." அவளையும் குறை சொல்ல முடியாது.

ஆகவே அந்த இரண்டு வரியை நானே டைப் அடித்தேன். உன் பெயரை நானே போட்டேன். பள்ளிக்கூடத்தில் உன் மதிப்பெண் அட்டைகளில் அப்பாவுக்காகப் போட்ட கை, பழக்கம் போகவில்லை. வில்லட் வாங்கிப் படித்தார். "எல்லாருக்கும் சில சமயம் அவசரம்தான்" என்று தோளைத் தட்டினார். அடுத்த வாரமே துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழி காட்டி ஓய்வு பெற்ற ஒரு மனிதரை ஏற்றுக்கொண்டார்கள். மாதக் கடைசியில் கைமாறும். ஜன்னலில் நின்று கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நல்ல மனிதர்.

உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மூன்று வாரம் பொறுத்துக்கொள். உன்னைக் கேட்டதெல்லாம் இவ்வளவுதான் என் ஆயுளில்.

அம்மா

---

பிட்ஸ்பர்க்
மார்ச் 12, 1984

அம்மா,

உன் கடிதம் காலையில் வந்தது. படித்ததும் நகரக் கட்டடத் துறைக்குப் போன் செய்து பேசினேன். அதன்பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதை முதலில் எழுதியிருந்தால் போன் செய்திருக்க மாட்டேனோ என்று பயம்.

அந்த இரண்டு வரி என்னுடையது இல்லை என்று மட்டும் வில்லட்டுக்கு எழுதினேன். யாருடையது என்று எழுதவில்லை.

பெரியம்மாவை நான் போய் என் வீட்டுக்கு அழைத்துவருகிறேன். விடுப்பு கேட்டிருக்கிறேன். இதையாவது செய்ய விடு.

ரம்ஸி

---

புரூக்ளின்
ஏப்ரல் 14, 1984

ரம்ஸி,

நகரத் துறை உத்தரவிட்டதும் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். என் ஜன்னலுக்கு மேலே ஒருவன் செங்கலை எடுத்தான். சுத்தியல்கூட எடுக்கவில்லை. ரொட்டியைப் பிய்க்கிற மாதிரி கையாலேயே பிய்த்தான். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி போங்க" என்றான். நீ சொன்னது சரி. ஒரு வார்த்தைகூட மிகையில்லை.

இப்போது நடைபாதை முழுக்க இரும்புக் கால் நட்டுப் பலகைக் கூரை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் அடியில் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எத்தனை வருஷம் நிற்குமோ என்கிறார்கள். கப்பல்காரர் வருத்தம் தெரிவித்து விலகிக்கொண்டார். மிஸ் டோலன் என்னைக் கண்டால் அடுத்த லிஃப்ட்டுக்கு நிற்கிறாள்.

நீ ஜாக்சன்வில் போனதை மருமகள் சொன்னாள். நீ போய்ச் சேர்வதற்கு நான்கு நாள் முன்பே அக்காவை இல்லத்தில் சேர்த்தாகிவிட்டது. அங்கே அவளுக்கு மறுபடியும் வாதம் வந்துவிட்டது, இந்த முறை பேச்சும் நினைவும் போய்விட்டன. நேற்று நர்ஸ் போனை அவள் காதில் வைத்தாள். நான் வதாத், வதாத் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூச்சு மட்டும் கேட்டது.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. கோபத்தில் சொல்லவில்லை. உன்மேல் கோபப்பட என்னிடம் ஒரு நியாயமும் இல்லை, அதுதான் கஷ்டம். தப்புச் செய்த பிள்ளையென்றால் திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். நீ செய்தது சரி. உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் இன்னும் முடியவில்லை.

முடிகிறபோது நானே எழுதுகிறேன்.

அம்மா