பின்கண்ணாடியில் ஒட்டியது

ஆகஸ்ட் 4
மழை. இரண்டு ஆட்டோ, ஒரு லாரி மட்டும். சூளகிரி லாரிக்காரர் முன்னால் ஒரு தலைவர், பின்னால் எதிர்க்கட்சித் தலைவர் ஒட்டச் சொன்னார். "நீங்க எந்தக் கட்சிண்ணா?" என்றேன். "செக்போஸ்ட்ல யார் நிக்கிறாங்களோ அவங்க கட்சிம்மா." ஆறு வருடமாக ஓசூரில் ஸ்டிக்கர் கடை. ஸ்டிக்கரைப் பார்த்து ஒருவர் மனசும் எனக்குத் தெரிந்ததில்லை.

ஆகஸ்ட் 9
எழுதியே ஆகணும்.
எங்கள் ஏரியா கட்சிக்காரன் மோகன்குமார் ஏழெட்டுப் பேரோடு வந்தான். அவன் கட்சிக்கு எதிரானவர்களுக்கு நாற்பது ஆட்டோவில் ஒட்டிக் கொடுத்தோமாம். வெட்டும் மெஷினைத் தூக்கித் தரையில் போட்டான். வெங்கட்டை நடுரோட்டில் முட்டி போட வைத்து, "இனிமே பண்ண மாட்டேன் தலைவரேன்னு சொல்லுடா" என்றான். சொன்னார். என் புருஷன் சொன்னார். ஒருத்தன் செல்போனில் எடுத்தான்.

ஆகஸ்ட் 10
வீடியோவைப் போட்டுவிட்டார்கள். என் தங்கச்சி வரைக்கும் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 23
வெங்கட் கடைக்கு வருவதில்லை. பால் வாங்கக்கூட வெளியே போவதில்லை. ரிப்பேர் பார்த்த மெஷினோடு நான்தான் திறக்கிறேன். மோகன்குமாரின் வெள்ளைக் கார் தினமும் இந்த வழியாகப் போகிறது. நம்பர் மனப்பாடமாகிவிட்டது. என்ன செய்யப் போகிறேன்? தெரியாது. விட மாட்டேன்.

செப்டம்பர் 15
அவனே வந்தான். எதுவும் நடக்காத மாதிரி.
"ஏம்மா சுஜாதா, பின்கண்ணாடில பெருசா, 'காவிரி எங்கள் உரிமை'ன்னு போடு. ஆனா உரிச்சா வந்துடணும். அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்குள்ள வாரம் ரெண்டு தடவை போறேன், மருமகன் வீடு அங்கதான். தண்ணிப் பிரச்சினை வேற சூடா இருக்கு."
"வந்துடும்ணா" என்றேன்.
லாரிக்கு ஒட்டுவோமே, வெயிலில் காய்ந்தால் பிளேடு வைத்தாலும் வராத ரகம் – அதை எடுத்தேன். குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினேன். இவ்வளவு அழகாக நான் எதையும் ஒட்டியதில்லை.

செப்டம்பர் 19
அவனுக்குக் கிடைத்தது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் அவன் காரை மறித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் மோகன்குமார் நகத்தால் கண்ணாடியைச் சுரண்டுகிறான். சாவியால் சுரண்டுகிறான். வரவில்லை. "தெகி, தெகி" என்று கன்னடத்தில் கத்துகிறார்கள் – எடு, எடு. ஒருத்தன் கன்னத்தில் அறைகிறான். மோகன்குமார் கைகூப்புகிறான்.
பதினோரு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 20
வெங்கட்டிடம் காட்டினேன். நான் செய்ததையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அறை விழும் இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
"போதும், நிறுத்து சுஜா. உள்ள யாரோ பொண்ணு அழுவுற சத்தம் கேக்குது, உனக்குக் கேக்கலையா?"
மறுபடி போட்டுப் பார்த்தேன். கேட்கிறது. காருக்குள் அவன் மகள்.
அதனால் என்ன? வெங்கட் முட்டி போட்டபோது நான் அழவில்லையா?

அக்டோபர் 6
ஊரெல்லாம் அவன் போஸ்டர். தமிழுக்காக அடி வாங்கியவனாம். சுரண்டியதையும் கைகூப்பியதையும் வெட்டிவிட்டு, அறையை மட்டும் பரப்பியிருக்கிறார்கள். மேடையில் பேசினான்: "உரிடான்னாங்க. உயிரே போனாலும் உரிக்க மாட்டேன்னேன்." கைதட்டல் தெரு முழுக்கக் கேட்டது. கவுன்சிலர் சீட் அவனுக்குத்தானாம்.
பசை என்னுடையது. பேர் அவனுக்கு. பைத்தியக்காரி நான்.

அக்டோபர் 14
மத்தியானம் மெஷினில் ஷீட் சிக்கிக்கொண்டது. போன் செய்தேன். சரிபார்க்க வெங்கட் வந்தார், இரண்டு மாதத்துக்குப் பிறகு.
அந்த நேரம் பார்த்துக் கட்சி ஆட்கள் மூன்று பேர். அன்று வெங்கட்டை வீடியோ எடுத்தவனும் இருந்தான். மோகன்குமார் முகம், கன்னத்தில் கை வைத்த மாதிரி, இருநூறு ஸ்டிக்கர் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கட் எழுந்தார்.
"அவர் படம் இங்க வெட்ட மாட்டோம்."
"ஏன்?"
"எனக்குப் புடிக்கல."
"போன தடவ வாங்குனது மறந்துபோச்சா?"
"இல்ல. மறக்கல."
அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் நகரவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்தார்கள். திரும்பி வருவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
"ஷட்டரை இறக்கிடலாமாங்க?" என்றேன்.
"மணி நாலுதானே ஆவுது" என்று மெஷின் பக்கம் குனிந்தார்.