ஏழாம் எண் கேன்

நோர்டேல்யே
அக்டோபர் 6

அன்புள்ள ஹோகானுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று மாதமும் தொலைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று அந்த இல்லத்தில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியதே இல்லை. உன் கையெழுத்து கோணாமல் நேராக இருக்கிறது. அதைக் கவனித்தேன்.

இங்கே நலம். உன் மகள் தில்தா கோதன்பர்க்கில் இருந்து ஞாயிறுதோறும் பேசுகிறாள். பூனையைப் பற்றிக் கேட்கிறாள், கூரை ஒழுகலைப் பற்றிக் கேட்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. பத்தொன்பது வயதில் அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று விட்டுவிட்டேன்.

நீ இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். ஒன்று, உன் இடத்தில் நின்று நான் நம் படகு ‘ஆலா’வைத் தேய்த்து, மெழுகிட்டு, குளிர்காலத்துக்கு மூடிவைக்க வேண்டும். இரண்டு, படகுச் சங்கத்தின் படிவத்தில், வசந்தத்தில் படகை இறக்குகிறீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதித்தர வேண்டும். டிசம்பர் 13 நீ வீட்டுக்கு வருகிறாய், மே முதல் வாரம் நாம் கடலில் இருப்போம் என்று எழுதியிருக்கிறாய். முதல் காரியத்தைச் செய்கிறேன். படகு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. படிவத்துக்கு டிசம்பர் 1 வரை நேரமிருக்கிறது. ‘ஆம்’ என்று எழுதினால் நான் எதற்கெல்லாம் ஆம் சொல்கிறேன் என்பது உனக்கும் தெரியும். குடியை நிறுத்த நீ இப்படி ஓர் இல்லத்துக்குப் போவது மூன்றாம் முறை. புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவளிடம் மூன்றாம் முறையைப் பற்றிய எண்களும் இருக்கும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை கிரேன் வந்தது. நாற்பத்தொரு படகுகள், மதியத்துக்குள் எல்லாம் கரையில். நமது முறை ஒன்பதாவது. படகு வாரில் தொங்கும்போதே அடியெல்லாம் பாசியும் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசுச் சிப்பிகளும். தண்ணீர்க் குழாயை நான் பிடித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகு பொர்யே வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “புரொபசரம்மா, பாசி காயறதுக்குள்ள அடிச்சுத் தள்ளணும். காஞ்சா அப்புறம் உளியும் சுத்தியலுந்தான்” என்றார். எழுபத்து நான்கு வயதில் அவருக்கு இருக்கும் முதுகு எனக்கு இல்லை. ஹோகான் எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்கள். வடக்கே வேலை என்றேன். பொர்யே கேட்கவில்லை. காப்பியும் சுட்ட சாசேஜும் கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன்.

வலப்பக்கக் கீறலை இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். ஒரு கை நீளம். ஆகஸ்டில் நீ படகைத் துறையில் மோதியபோது காற்று தள்ளிவிட்டது என்றாய். அன்று தில்தா முன்பக்கம் நின்று ரப்பர் மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்றைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை.

படகு வேலைகளை எழுதிவைத்த உன் நோட்டு படகுச் சட்டைப் பையில் கிடைத்தது, ஒரு டப்பா உப்பு அதிமதுர மிட்டாயோடு. பென்சிலில் எவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறாய். ஒரு வேலையை உன்னைப்போல் யோசித்துச் செய்கிறவரை நான் பல்கலைக்கழகத்தில்கூட அதிகம் பார்த்ததில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். மெழுகு வேலை முடிந்ததும் எழுதுகிறேன்.

மாலின்


நோர்டேல்யே
அக்டோபர் 21

அன்புள்ள ஹோகானுக்கு,

முடித்துவிட்டேன். தேய்ப்புக்கும் மெழுகுக்கும் நான்கு நாள், தார்ப்பாய்க்கு ஒரு நாள். வலது தோள் இன்னும் என்னுடையதாக இல்லை.

பத்து டிகிரிக்குக் கீழே மெழுகு ஒட்டாது என்று நீ எழுதியிருந்ததால் தினமும் பதினொரு மணிக்குமேல்தான் தொடங்கினேன். நீர்க்கோட்டின் மஞ்சள் கறைக்கு அமிலம், கையுறையோடு. பிறகு மெருகுப் பசை, ஒரு தட்டு அளவு இடம், அதை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாமல். முதல் நாள் பார்த்தால் எல்லாம் சுண்ணாம்பு பூத்த சுவர்போல இருந்தது, இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. மூன்றாம் நாள் கருநீலம் அடியிலிருந்து ஏறி வந்தது. என் முகம் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீ அதை வேறு எதற்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொர்யே தன் வழக்கமான சோதனைக்கு வந்தார். செய்தித்தாளைப் படகுக்கு எதிரே பிடித்து, அதில் தெரிந்த தலைப்பைத் தலைகீழாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பாஸ் என்றார். “என் மூஞ்சி இவ்ளோ தெளிவாத் தெரியவேணாம்மா, சீக்கிரம் தார்ப்பாயைப் போட்டு மூடு” என்றும் சொன்னார்.

கீறல் மட்டும் போகவில்லை. மூன்று முறை தேய்த்தேன். அது பாலிஷுக்குப் போகிற ஆழம் இல்லை, வசந்தத்தில் வெட்டித் திறந்து அடைத்துத்தான் தேய்க்கவேண்டும் என்றார் பொர்யே. அதன்மேலும் மெழுகு போட்டிருக்கிறேன். இப்போது பளபளப்பான கீறல்.

தார்ப்பாய் உன் நோட்டின்படியே. பனி வழுக்கி விழும்படி செங்குத்தான கூரை, கூர்முனைகளுக்கெல்லாம் பழைய கம்பளத் துண்டு, காற்று புகுந்து வெளியேற முன்னும் பின்னும் திறப்பு. துணி படகின் உடம்பில் உரசக்கூடாது, உரசினால் ஒரே குளிர்காலத்தில் மெழுகையெல்லாம் தின்றுவிடும் என்று எழுதியிருந்தாய், ஒரு சாண் தள்ளி நிற்கவைத்தேன். கயிறுகளைப் படகைத் தாங்கும் இரும்பு முட்டுக்கால்களில் கட்டாதே என்பதை நீ இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாய். தெற்கு வரிசையில் இரண்டு பேர் இந்த ஆண்டும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கும், தார்ப்பாய் முட்டுக்காலைப் பிடுங்கும், படகு சாயும். ஒருநாள் நடக்கும்வரை ஒன்றும் நடக்காது, அதனால் யாரும் கேட்பதில்லை.

கயிற்று நுனிகளில் எடைக்கு உன் தண்ணீர்க் கேன்களைத் தொங்கவிட்டேன். கொட்டகையில் பன்னிரண்டும் வரிசையாக இருந்தன, வெள்ளைப் பெயிண்டில் நீ போட்ட எண்களோடு. பதினொன்று காலி. ஏழாம் எண் மட்டும் நிரம்பியிருந்தது. வசந்தத்தில் கொட்ட மறந்துவிட்டாய் போலிருக்கிறது. உன்னைப்போன்ற ஆளும் ஒன்றை மறப்பான் என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி. ஒரு கேன் தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம் என்று மூடியைத் திறக்காமலே மாட்டினேன். நோட்டில் ‘7, பின்மூலை, நாணல் பக்கம்’ என்று இருந்தது. அங்கேதான் மாட்டியிருக்கிறேன்.

இனி உன் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் நான்தான் பார்க்கவேண்டுமா? பனி கொட்டினால் ஒழிய யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்கிறார் பொர்யே. நீ மூன்று குளிர்காலமாக ஒரு ஞாயிறு விடாமல் தார்ப்பாயைப் பார்க்கப் போனாய். நான் பிளாஸ்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். மனம் ஊன்ற ஒரு வேலை கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

படிவம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் இருக்கிறது. நேற்று பேனாவைக் கையில் எடுத்தேன். இதை உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மாலின்


நோர்டேல்யே
நவம்பர் 26

ஹோகானுக்கு,

உன் பதில் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. தார்ப்பாயைப் பாராட்டியிருந்தாய். கீறலை வசந்தத்தில் நீயே சரிசெய்வதாக எழுதியிருந்தாய். கடைசியில், “கேன்களை நீ தொடவேண்டாம், குளிரில் கஷ்டப்படாதே, பதின்மூன்றாம் தேதி வந்ததும் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்” என்று இருந்தது. படித்தபோது உன் அக்கறை மனதைத் தொட்டது. மூன்று நான்கு முறை படித்தேன்.

போன வாரம் முழுக்கக் கடுங்குளிர். மைனஸ் ஒன்பது வரை போயிற்று. ஞாயிறு காலை பொர்யே வீட்டுக்கு வந்தார். அவர் நம் வீட்டு வாசற்படி ஏறியது அதுதான் முதல் முறை. உள்ளே வரவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன் படகின் பனியைத் தள்ளப் போனவர், காற்றில் ஆடிக்கொண்டிருந்த நம் கேன்களில் கை பட்டதாகச் சொன்னார்.

“பதினொண்ணும் கல்லாட்டம் கெடக்கு. ஒண்ணு மட்டும் சளசளன்னு ஆடுது” என்றார்.

கடல் தண்ணீராக இருக்கும் என்றேன். நான் அப்படிச் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யோசிக்காமல், உடனே, உனக்காகச் சொன்னேன். நம் கடல் தண்ணீரும் மைனஸ் ஒன்பதில் உறைந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கூடவே போனேன். மற்றவை வயிறு உப்பிக் கல்லாகத் தொங்கின. ஏழாம் கேனின் மூடியைத் திறந்தபோது முகர்ந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை, வோட்கா நெடி தானாக வந்தது. பத்து லிட்டர் கேன், முக்கால்வாசிக்கு மேல். நாணல் பக்கம், பின்மூலை, எந்தப் படகிலிருந்து பார்த்தாலும் தெரியாத இடம். நீ யோசித்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் என் கையால் மாட்டியிருக்கிறேன். கயிற்றை இரட்டை முடிச்சு வேறு போட்டிருந்தேன்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று பொர்யேயைக் கேட்டேன்.  அவர் சொன்னார்: “மூணு குளிர்காலமாத் தெரியும்மா. அடுத்தவன் தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கறது எங்கள்ல பழக்கமில்ல. நான் பாக்கல, பாத்துட்டேன். சொல்லியிருக்கணும்.”

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அது நல்ல பழக்கம்தான். நாற்பத்தொரு குடும்பம் அந்தப் பழக்கத்தால்தான் ஒருவரோடொருவர் சண்டையில்லாமல் இருக்கிறது. நீ அதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாய்.

மூன்று குளிர்காலம். இரண்டாம் முறை திரும்பி வந்த பிறகு நீ ஓராண்டு எட்டு மாதம் ஒரு சொட்டும் தொடவில்லை என்று என் கணக்கில் இருந்தது. அதைத்தான் நான் தில்தாவிடம் சொல்லிச்சொல்லி அவளைக் கோடையில் உன்னோடு படகில் அனுப்பினேன். அப்பா இப்போது அப்படி இல்லை, போ என்றேன். இப்போது அந்த வரியை அடித்துவிட வேண்டியிருக்கிறது. அடித்துவிட்டுப் பார்த்தால் தாளில் மிச்சம் ஒன்றுமில்லை. காப்பி பிளாஸ்க், ஞாயிறு நீ திரும்பி வரும்போது சிவந்த கன்னம், வாடையை மறைக்கும் அதிமதுர மிட்டாய் எல்லாம் எப்போதும் என் கண் முன்னால்தான் இருந்தன. என் மாணவர்கள் யாராவது இப்படித் தரவைப் பார்க்காமல் விட்டிருந்தால் தேர்ச்சி கொடுத்திருக்க மாட்டேன்.

ஏழாம் கேனைச் சரளைக்கல்லில் கவிழ்த்தேன். போக வெகுநேரம் பிடித்தது. பிறகு பொர்யே பனிக்கட்டியை உடைத்து வாளியில் தண்ணீர் மொண்டு தந்தார், நிரப்பி அதே இடத்தில் மாட்டினேன். எடை இல்லாவிட்டால் அந்த மூலை அடித்துக்கொண்டு நான்கு நாள் மெழுகையும் தேய்த்துவிடும். கோபத்திலும் அது ஞாபகம் இருந்தது.

படிவத்தை நேற்று கொடுத்துவிட்டேன். ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். ஆலா அடுத்த கோடை முழுதும் கரையிலேயே நிற்கும். இவ்வளவு பளபளப்பாக நிற்கும் படகு சங்கத்தில் வேறு இருக்காது.

நீ பதின்மூன்றாம் தேதி வருவதை நான் தடுக்கவில்லை. அது உன் வீடும்தான். ஆனால் இதை நன்றாகப் படித்துக்கொள். நீ எழுதிய அந்த அக்கறையான வரி, அங்கே போய் எட்டு வாரம் ஆன பிறகு, தெளிந்த கையெழுத்தில் எழுதியது. குடித்துவிட்டு எழுதியிருந்தால் எனக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்பு எழுதாதே, அது என்னிடம் நிறைய இருக்கிறது. இனிமேல் இல்லை என்றும் எழுதாதே. ஒரே ஒரு தாளில் எங்கே, எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று மட்டும் எழுது. கொட்டகையில், நிலவறையில், காரில், என் புத்தக அலமாரிக்குப் பின்னால், எங்கெல்லாம் என்று. கேன்களுக்கு எண் போட்டாயே, அதைப்போல எண் போட்டு எழுது. நானாகக் கண்டுபிடிக்கும் முன் நீயாகச் சொன்னது என்று ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும். நீ எழுதமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன்.

இன்று மதியம் வகுப்பு முடிந்து அந்தப் பக்கமாக வந்தேன். காரை நிறுத்தி, இறங்கிப்போய், ஏழாம் கேனைத் தட்டிப் பார்த்தேன். உறைந்திருந்தது. மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினேன், சத்தம் சரியாகக் கேட்கவேண்டும் என்று.

ஹோகான், என்னை இந்த வேலைக்கு வைத்துவிடாதே.

வடக்கே இன்னும் குளிர் கூடும் என்கிறார்கள். தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி இத்தோடு அனுப்பியிருக்கிறேன், சாம்பல்நிறம் உனக்குப் பிடித்தது. இரவில் நன்றாகத் தூங்கு.

மாலின்