சவுந்தரத்தின் இடது கன்னம்

4 பிப்ரவரி 1934, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தங்கச்சி சவுந்தரத்தை ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். லண்டனிலிருந்து தபாலில் வரும் போட்டோப் படிப்பில் இது ஐந்தாம் பாடம்: ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் வைத்து ஒரு முகம். பாடப் புத்தகத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. பாதி முகத்தை இருட்டிலேயே விட்டுவிடுகிறார். ஆனாலும் முழு ஆளும் தெரிகிறார். எப்படி? ஒரு வாரமாக இதே யோசனை. ஆபீசில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

பினாங்கு ரோட்டு ஸ்டூடியோ ஜப்பான்காரர் எடுத்தால் எல்லா முகமும் கழுவிவைத்த பீங்கான் தட்டு. எனக்கு அது வேண்டாம்.

7 பிப்ரவரி

நன்றாக வந்திருக்கிறது! இடது கன்னம் முழுக்க நிழல். ஒரு பிரதி லண்டனுக்கு. தைப்பிங் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படம் கேட்டிருந்தார்கள் — அவர்களுக்கும் இதையே அனுப்பிவிட்டேன். கவரை ஒட்டிய பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன்.

20 பிப்ரவரி

தைப்பிங்கிலிருந்து கடிதம். மாப்பிள்ளை பால்ராஜின் அம்மா எழுதச் சொன்னாராம்: பெண்ணுக்கு இடது பக்கம் என்ன குறை? அம்மைத் தழும்பா, தீக்காயமா?

அப்பா கடிதத்தை என் முன்னால் வீசினார். "உன் படிப்புக்கு என் பொண்ணு மூஞ்சிதானாடா கெடச்சுது? ஜப்பான்காரன்கிட்ட போயிருந்தா முடிஞ்சிருக்கும்லா!"

21 பிப்ரவரி

வேறு படம் எடுத்து அனுப்பலாம் என்றேன். சவுந்தரம் உட்கார மறுத்துவிட்டாள். "இனிமே எத அனுப்புனாலும் பவுடர் பூசி மறைச்சிட்டாங்கன்னுதான் சொல்வாங்க, அண்ணே."

சரிதான். முதல் படம் அவளுக்குப் பிடித்திருந்ததா? அதைக்கூட நான் கேட்கவில்லையே. சே.

8 ஏப்ரல், ஞாயிறு

தவக்காலம் முடியட்டும் என்றிருந்தவர்கள் இன்று தைப்பிங்கிலிருந்து ஃபெரி ஏறி வந்தார்கள். பால்ராஜின் அம்மாவும் அத்தையும் மட்டும். வந்ததும் அந்த அம்மாள் சவுந்தரத்தின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் கன்னத்தைத் தேய்த்தும் பார்த்தார், பசாரில் மீன் வாங்குவதுபோல. என்னால்தானே இது? என்னாலதான்.

"ஒண்ணுமில்ல, சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

சவுந்தரம் உள்ளே போய், அவர்கள் அனுப்பியிருந்த மாப்பிள்ளை படத்தை எடுத்துவந்து நீட்டினாள். "இதுல உங்க மகன் ஒரு கையக் கோட்டுப் பைக்குள்ள விட்டிருக்காரே. அதுல வெரல் அஞ்சும் இருக்குங்களா?"

காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். அப்பா எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

11 ஏப்ரல்

லண்டனிலிருந்து மதிப்பெண். நூற்றுக்கு எண்பத்தெட்டு. நிழலை அருமையாகக் கையாண்டிருக்கிறேனாம். யாரிடம் சொல்வது?

15 ஏப்ரல்

ஆறாம் பாடத்தைப் பிரிக்கவில்லை. கிழவர் எடுத்த படங்களை வைத்து யாரும் சம்பந்தம் பேசவில்லை. அதனால் அவருக்கு இருட்டு வசதியாக இருந்தது. இதை எந்தப் பாடத்திலும் எழுதவில்லை.

22 ஏப்ரல், ஞாயிறு

வாசலில் ஒருவர் நின்றார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. "பால்ராஜ்" என்றார். தனியாக வந்திருக்கிறார், அவர் அம்மாவுக்குத் தெரியாதாம்.

உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். வலது கையில் சுண்டுவிரல் இல்லை.

"சின்ன வயசுல கரும்பு மெஷின்ல போயிருச்சுங்க. போட்டோ எடுக்கறப்ப கையப் பைக்குள்ள விட்டுக்கன்னு அம்மாதான் சொன்னாங்க. நானும் விட்டுக்கிட்டேன். அந்தத் தப்பு என்னோடதுதான்."

சவுந்தரம் காப்பி கொண்டுவந்து அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.