கடுகுக்கீரைப் பாத்தி கைமாறியது

18 மார்ச் 2025, செவ்வாய்

மனம் கலங்கினால் வரிசைப்படுத்தி எழுதுவேன். இன்றும் அப்படியே.

1. கடுகுக்கீரையும் நானும்.
2. அல்போன்சம்மாள் எனக்குச் செய்தது.
3. முகைதீன் தெரிந்தே காட்டிக்கொடுத்தது.

முதலாவது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி. சிவப்புக் கடுகுக்கீரையும் மிசுனா என்ற ஜப்பானியக் கீரையும் போட்டிருக்கிறேன். எங்கள் கிளமெண்டி வட்டார வெயிலுக்கு இரண்டும் சீக்கிரம் முற்றிவிடும். நிழல்வலை கட்டி, இளசாக இருக்கும்போதே கிள்ள வேண்டும். பச்சையாக மென்றால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு காரம் மூக்கில் ஏறும், கண் கலங்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கியதிலிருந்து, கீரையைக் கூட்டிக் குறைத்துத் தின்றால் மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எலுமிச்சை பிழிந்து, நாலைந்து இலைதான் கிண்ணத்தில் வைப்பாள் என் மனைவி அல்போன்சம்மாள். தோட்டத்தில் அளப்பவர் யார்?

பக்கத்துப் பாத்தி முகைதீனுடையது. நோன்பு மாதம் என்பதால் அவர் எதிரில் நான் இலையைத் தொடுவதில்லை. அவர் வீட்டுக்குப் போகும்வரை காத்திருப்பேன்.

இரண்டாவது. தேக்கா சந்தையிலிருந்து வந்தவள் காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"முகைதீன் பாயைப் பாத்தேன். ஆட்டுக்குட்டி மாதிரி மேயிறீங்களாமே! ரத்த டெஸ்டு ஏன் ஏறி இறங்குதுன்னு டாக்டர் மண்டைய உடைச்சிக்கிறாரு. இனிமே பாத்திய பாயே பாத்துக்கட்டும். சொல்லிட்டேன்."

என்னைக் கேட்காமலே. அவரும் சரி என்றாராம்.

மூன்றாவது. என் மாத்திரை விஷயம் தெரிந்திருந்தும் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

19 மார்ச்

ஜன்னலில் நின்று பார்த்தேன். என் பூவாளியால் என் செடிகளுக்கு முகைதீன் ஊற்றுகிறார்.

22 மார்ச், சனி

முகைதீன் போன் செய்தார். எடுக்கவில்லை. என் இலை அவருடையதைவிடச் சிவப்பு, அந்தப் பொறாமையா? அப்படிப்பட்டவரா? ஒருவேளை நான்தான் மனிதர்களைச் சரியாக எடை போடாதவனோ?

"கோவம்னா வாயத் தொறந்து திட்டுங்க. என்னையா, அவரையா?" என்றாள் அல்போன்சம்மாள்.

செய்தித்தாளைப் புரட்டினேன். வாய் திறந்து திட்டத் தெரிந்தவனா நான்!

27 மார்ச்

மிசுனாவில் மஞ்சள் பூ. மொட்டிலேயே கிள்ளியிருக்க வேண்டும். இனி இலை நாராகிவிடும். அவருக்கு அது தெரியாது. இறங்கிப்போய்ச் சொல்லலாம் — சொல்லவில்லை. கெட்டுப் போகட்டும்லா!

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். "வருஷா வருஷம் போற வீடு" என்று அல்போன்சம்மாள் இழுத்துப் போனாள். பிரியாணித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முகைதீன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கோவம்ண்ணே? நான் அண்ணிகிட்ட உங்களைப் பெருமையாத்தானே சொன்னேன்? 'முன்னல்லாம் கை நிறையப் பறிச்சு ஆடு மாதிரி மேய்வாரு. இப்ப நான் நோன்புன்னு ஒரு இலைகூட வாயில வைக்கிறதில்ல, என்ன கட்டுப்பாடு பாருங்க'ன்னு. அதுக்கு அவங்க பாத்தியவே பிடுங்குவாங்கன்னு கண்டேனா? அப்பத்தான் மாத்திரை கதையே சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே!"

கட்டுப்பாடு. பிரியாணித் தட்டைக் கீழே வைத்தேன். அவர் தலை மறைந்ததும் நான் மென்றதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

மாத்திரையைப் பற்றி அவரிடம் சொன்னதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. சொன்னால் அவரும் அளக்கத் தொடங்கிவிடுவார் என்று பயந்து மறைத்திருக்கிறேன்.

இரண்டாவது குறிப்பில் மாற்றமில்லை. அது இன்னும் வலிக்கிறது. மூன்றாவது தவறு. அவருக்குத் தெரியாது.