ஏழாம் பக்கத்துப் படம்

ஹோல்ஸ்பாக், ஜெர்மனி
3 மார்ச் 2007

அன்பு டுவெய்ன்,

நானும் மேவிஸும் நலம். அவளுக்குப் பால்பல் ஆடுகிறது, எனக்குத் தலை ஆடுகிறது. மற்றபடி குறைவில்லை.

வெப்பக் குழாய் விவகாரம் ஒருவழியாக முடிந்தது. ஐந்து வாரமாக வீட்டில் சூடு இல்லை என்று வீட்டுவசதி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். "பாக்குறோம் மேடம்" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சு தெரியாது. கடைசியில் சென்டினலுக்கு, பெயரும் வீட்டு எண்ணும் போட்டு, எழுதிவிட்டேன். வெளிநாட்டில் கிடக்கும் சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும் என்றே நடக்கிற பத்திரிகை, நமக்கில்லாமல் யாருக்கு? வியாழக்கிழமை அச்சாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் ஏணியோடு ஆள் வந்து நின்றான்.

அதனால் வந்த வினையைக் கேள். சென்டினலுக்கு இது அறுபத்தைந்தாவது ஆண்டாம். ஏப்ரல் 21ஆம் தேதி முகாமில் பாராட்டு விழா. வாசகர் சார்பில் நான் பேச வேண்டுமாம். குடும்பக் குழுத் தலைவி யோலாண்டா பிடித்த பிடியை விடவில்லை. "அஞ்சே நிமிஷம்டி. அழாமப் பேசிட்டு இறங்கு, அது போதும்" என்கிறாள்.

களைப்பாக இருக்கிறது, டுவெய்ன். நீ போர்முனைக்குப் போவது இது மூன்றாம் முறை. ஜூனில் உன் ராணுவ ஒப்பந்தம் முடிகிறது. அங்கே அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் என் அண்ணன் ரஸ்ஸல் தன் பட்டறையில் உனக்கு இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாள்களைத் தள்ளுகிறேன். நீண்ட கடிதமாக எழுது.

உன்,
கொரீன்


ரமாதி, இராக்
14 மார்ச் 2007

என் கொரீனுக்கு,

முத்தங்கள். மேவிஸின் பல்லுக்குத் தனியாக ஒன்று.

சென்டினல் இங்கே நான்கு நாள் பழசாக வரும். வந்ததும் பக்கம் பக்கமாகப் பிய்த்துக்கொள்வார்கள். குழாய் பற்றி நீ எழுதியதை என் அணிப் பையன்கள் உரக்கப் படித்தார்கள். "சார்ஜன்ட், உங்க வீட்டம்மாவை ஒரு வாரம் இங்க அனுப்புங்க. எங்க ஏசியும் ஓடல" என்று ஒருவன் கத்தினான். நாங்கள் சிரித்து வெகு நாளாயிற்று.

எங்கள் அணியின் ஆர்மெண்டாரிஸ் இறந்ததை நீயும் பத்திரிகையில் பார்த்திருப்பாய். அவன் அம்மாவுக்குச் சொல்லிய பிறகுதான் பெயரைப் போட்டார்கள். பெயர், வயது, ஊர், அவ்வளவுதான். இருபது வயது. அதற்குப் பிறகு யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நானும்தான்.

ஜூன் பற்றிப் போனில் பேசுவோம். கடிதத்தில் எழுதினால் சரியாக வராது. விழாவில் நன்றாகப் பேசு.

உன்,
டுவெய்ன்


ஹோல்ஸ்பாக்
29 மார்ச் 2007

டுவெய்ன்,

உன் கடிதம் திங்களன்று வந்தது. சென்டினல் நேற்று வந்தது.

கடை வாசலில் வாங்கிக் கையில்தான் வைத்திருந்தேன், பிரிக்கவில்லை. யோலாண்டா முட்டை வாங்கும் வரிசையில் நின்றபடியே பிரித்தாள். "ஏய், ஏழாம் பக்கத்துல நிக்கிறது உன் வீட்டுக்காரர்தானே? இதெல்லாம் எங்ககிட்ட சொல்ல மாட்டியா?" என்று கேட்டாள். படத்தில் ஐந்து பேர் வரிசையாக நின்று வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறீர்கள். நடுவில் நீ. மறுபடி ஆறு ஆண்டு ராணுவம். சடங்கு நடந்தது மார்ச் 9 என்று போட்டிருக்கிறது. எனக்கு நீ கடிதம் எழுதியது 14.

அதையாவது பொறுப்பேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நிருபர் கேட்டதற்கு உன் பதிலும் அச்சாகியிருக்கிறது: "அவளுக்குத் தெரியும். அவ எப்பவும் என் பக்கம்தான்."

யோலாண்டாவிடம், "ஆமா, தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்காக நானும் பொய் சொன்னேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கொரீன்


ரமாதி
10 ஏப்ரல் 2007

கொரீன்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. போனில் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை வரிசையில் நின்றேன். இரண்டு தடவை யாரோ இறந்துவிட, அவர் வீட்டுக்குத் தகவல் போகும்வரை முகாமின் எல்லா லைனையும் அடைத்துவிட்டார்கள். மூன்றாம் தடவை லைன் கிடைத்தது. நீ குழாய் பழுதான கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்கு வாய் வரவில்லை.

ஆர்மெண்டாரிஸ் போன பிறகு என் நான்கு பையன்களும் கையெழுத்துப் போட்டார்கள். "நீங்க வீட்டுக்கா, சார்ஜன்ட்?" என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. அவர்களை விட்டு வர என்னால் முடியவில்லை. இதுதான் உண்மை. இதை முதலிலேயே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

உறுதிமொழி எடுத்த மறுநாள் அந்த நிருபரைத் தேடிப் போனேன். "நான் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க மேடம்" என்றேன். "அது பொய்யா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கம். "பொய் இல்லன்னா எதுக்கு எடுக்கணும்? பேப்பர் வர இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள வீட்டுல பேசிடுங்க" என்று சொல்லிவிட்டாள். நாளும் இருந்தது. நான்தான் பேசவில்லை.

ஆனாலும் நம் வீட்டைச் சந்தி சிரிக்க வைத்தது அந்தப் பத்திரிகை. அந்த மேடையில் ஏறி நீ அதைப் புகழாதே. இது ஒன்றைத்தான் கேட்கிறேன். நான் வரும்வரை எந்த முடிவும் எடுக்காதே.

டுவெய்ன்


ஹோல்ஸ்பாக்
24 ஏப்ரல் 2007

டுவெய்ன்,

உன் கடிதம் விழாவுக்கு முன்பே கைக்கு வந்தது. படித்துவிட்டுத்தான் மேடையேறினேன்.

கேடயம் வாங்க வந்த ஆசிரியர் மிகவும் களைத்த மனிதர். கோட்டில் ஒரு பொத்தானைக் காணோம். அவரைப் பார்த்துத்தான் பேசினேன். "எங்க வீட்டுல சூடு வரலன்னு நான் எழுதினதை அப்படியே போட்டீங்க. என் வீட்டுக்காரர் சொன்னதையும் அப்படியே போட்டீங்க. யார் மனசு நோகும்னு பாத்து ஒரு வார்த்தையைக்கூட மாத்தல. இவ்வளவு தூரத்துல உக்காந்திருக்கிற எங்களுக்கு அதுதான் வேணும். ரொம்ப நன்றி." அழவில்லை. யோலாண்டா அழுதாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நீ அந்தப் பையன்களோடு இருக்க நினைத்தது எனக்குப் புரிகிறது. எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன், பிறகு சரி என்றும் சொல்லியிருப்பேன். அந்தச் சண்டையைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

மே 15ஆம் தேதி சாமான் ஏற்ற வண்டி வருகிறது. மேவிஸும் நானும் ரஸ்ஸல் வீட்டுக்குப் போகிறோம். இது விவாகரத்துக் கடிதம் இல்லை. வேறு என்ன என்று எனக்கும் இப்போது சொல்லத் தெரியவில்லை.

சென்டினலைக் கேட்டேன். அது வெளிநாட்டு முகாம்களுக்கு மட்டும்தானாம், நெப்ராஸ்காவுக்கு வராதாம். ஆகவே இனி உன்னைப் பற்றி எனக்கு எது தெரிய வேண்டுமானாலும், டுவெய்ன், நீதான் சொல்ல வேண்டும்.

கொரீன்